ஐசோடோப்பு என்றாலே கதிரியக்கமா?

மதிப்பிற்குரிய ஐயா,

புற்றுநோய்ச் சிகிச்சை, அணு உலை விபத்து பற்றிய செய்திகளில்தான் ‘ஐசோடோப்பு’ என்ற சொல்லைக் காண்கிறேன். எனவே அது கதிர்வீச்சை உமிழும் பொருள் என்றே எண்ணியிருந்தேன். என் மகளின் பாடநூலிலோ ‘ஓரிடத்தான்’ என்ற தலைப்பில் சாதாரணக் குளோரினைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். இரண்டும் ஒன்றா?

— ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

இரண்டும் ஒன்றே, இலங்கைப் பாடநூல்களில் வரும் ‘சமதானி’யும் அதுவே. ஒரு தனிமத்தின் எல்லா அணுக்களிலும் புரோட்டான்களின் எண்ணிக்கை சமமாக இருக்கும். நியூட்ரான்களின் எண்ணிக்கை வேறுபடலாம். அவ்வாறு வேறுபடும் வகைகளே அத்தனிமத்தின் ஐசோடோப்புகள். குளோரினில் 17 புரோட்டான்களுடன் 18 நியூட்ரான்கள் கொண்ட அணுக்களும் 20 நியூட்ரான்கள் கொண்ட அணுக்களும் ஏறத்தாழ மூன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் கலந்திருக்கின்றன. அதன் அணு நிறை 35.45 என்று பின்னமாக வருவது இக்கலப்பினால்தான். அவ்விரண்டும் நிலையானவை, கதிர் எதையும் உமிழ்வதில்லை.

சொல் பிறந்தது கதிரியக்க ஆய்வில்தான் என்பது உண்மை. கதிரியக்கச் சிதைவில் தோன்றும் சில பொருள்கள் அணு நிறையில் வேறுபட்டிருந்தும் வேதியியல் முறைகளால் பிரிக்கவே இயலாதவையாக இருந்ததால், அவை தனிம அட்டவணையில் ஒரே இடத்துக்கு உரியவை என்று வேதியியலாளர் பிரெடரிக் சாடி முடிவுசெய்தார். ‘ஒரே இடம்’ எனப் பொருள்படும் கிரேக்கச் சொற்களைக் கொண்டு மருத்துவர் மார்கரெட் டாட் பரிந்துரைத்த பெயரை அவர் 1913இல் வெளியிட்டார். நியூட்ரான் கண்டறியப்பட்டது 1932இல் என்பதால், நிறை வேறுபடுவதற்கான காரணம் அப்போது அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை. எனினும் கதிரியக்கமற்ற நியானில் 20, 22 என்னும் இரு நிறைகளுக்குரிய தடங்களை இயற்பியலாளர் ஜே. ஜே. தாம்சன் அக்காலத்திலேயே கண்டிருந்தார்; அவை ஐசோடோப்புகளே என்பதை அவருடன் பணியாற்றிய ஆஸ்டன் பின்னர் உறுதிப்படுத்தினார்.

எனக்கு உண்மையில் வருத்தம் தருவது, ‘நோயாளிக்கு ஐசோடோப்பு செலுத்தப்பட்டது’ என்பது போன்ற வாக்கியங்கள். ‘உடன்பிறந்தவர்’ என்றால் யாருடன் பிறந்தவர் என்ற கேள்வி எழுவது போல, ஐசோடோப்பு என்றால் எந்தத் தனிமத்தினுடையது என்பது தெரிந்தாக வேண்டும். ‘அயோடினின் கதிரியக்க ஐசோடோப்பு’ என்றோ, சுருக்கமாக ‘அயோடின்-131’ (131 என்பது புரோட்டான், நியூட்ரான்களின் மொத்த எண்ணிக்கை) என்றோ எழுதினால் குழப்பத்துக்கு இடமில்லை. நம் தைராய்டு சுரப்பி இயல்பாகப் பயன்படுத்தும் அயோடின்-127உம் ஓர் ஐசோடோப்புதான், அது நிலையானது. வேதியியல் நடத்தையில் இவ்விரண்டும் ஒத்திருப்பதால், சுரப்பி அயோடின்-131ஐயும் வேறுபாடின்றி ஈர்த்துக்கொள்கிறது. சுமார் எட்டு நாள் அரை ஆயுள் (பாதி அணுக்கள் சிதைய ஆகும் காலம்) கொண்ட அந்த அணுக்கள் அங்கேயே சிதைந்து, நோயுற்ற திசுவை அழிக்கின்றன. அணு உலை விபத்தில் வெளியேறும் அயோடின்-131 அதே சுரப்பிக்குத் தீங்கு செய்வதும் இதே காரணத்தால்தான். அத்தகைய வேளைகளில் நிலையான அயோடின் மாத்திரைகளை முன்கூட்டியே கொடுத்துச் சுரப்பியை நிறைத்துவிடுகிறார்கள்.

கார்பன்-14 மட்டுமே ஐசோடோப்பு, கார்பன்-12 ‘அசல்’ கார்பன் என்று எழுதுவதும் பிழை. கார்பன்-12, 13, 14 ஆகிய மூன்றும் கார்பனின் ஐசோடோப்புகள். அவற்றுள் கதிரியக்கம் உடையது கார்பன்-14 ஒன்றே.

அன்புடன்,
ஆசிரியர்