வாசகர் கேள்வி – பதில்: காவலர் பெற்ற தண்டனையை நாம் அறிய முடியுமா?

கோத்தகிரி வாசகர் ஒருவர்: சென்ற ஆண்டு கேரட் மூட்டைகளுடன் மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கிக்கொண்டிருந்த எங்கள் பிக்கப் வண்டியை நள்ளிரவில் மறித்த காவலர் ஒருவர், ஓட்டுநரிடம் பணம் கேட்டு, அவர் தராததால் கன்னத்தில் அறைந்தார். மேலதிகாரிகளுக்குப் புகார் அனுப்பினேன். நான்கு மாதம் கழித்து, 'உரிய துறை நடவடிக்கை எடுக்கப்பட்டது' என்று ஒரே வரியில் பதில் வந்தது. என்ன தண்டனை என்று தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்டதற்கு, 'மூன்றாம் நபரின் தனிப்பட்ட தகவல்' என்று மறுத்துவிட்டார்கள். அடித்தவர் எப்படி ஐயா எங்களுக்கு மூன்றாம் நபர் ஆவார்?

உங்கள் ஆதங்கம் நியாயமானது. ஆனால் சட்டத்தின் கணக்கில் கேட்பவர் ஒருவர், தகவலை வைத்திருக்கும் அலுவலகம் இன்னொன்று, அந்தத் தகவல் யாரைப் பற்றியதோ அவர் மூன்றாம் நபர். அரசு ஊழியருக்குத் தரப்பட்ட குறிப்பாணைகள், விளக்கம் கேட்கும் கடிதங்கள், கண்டனங்கள், தண்டனைகள் ஆகியவை அவருக்கும் அவரை வேலைக்கு அமர்த்தியவருக்கும் இடைப்பட்டவை என்றும், பெரும் பொதுநலன் காட்டப்பட்டாலன்றி அவற்றை வெளியிடத் தேவையில்லை என்றும் கிரீஷ் ராமச்சந்திர தேஷ்பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம் 2012 அக்டோபரில் தீர்ப்பளித்தது. தனிப்பட்ட தகவலைத் தராமலிருக்க இடமளிக்கும் 8(1)(ஜெ) பிரிவைக் காட்டி வரும் மறுப்புகளுக்கெல்லாம் இதுவே வேர்.

அதன் பிறகு வாசல் இன்னும் குறுகிவிட்டது. அந்தப் பிரிவை 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் திருத்தியது. திருத்தம் 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. முன்பு அந்தப் பிரிவுக்குள்ளேயே பொதுநலன் என்ற விலக்கு இருந்தது. சட்டமன்றத்துக்கு மறுக்க முடியாத தகவலைத் தனிமனிதருக்கும் மறுக்கக் கூடாது என்ற வரியும் இருந்தது. இரண்டும் போய்விட்டன. இது பெரும் இழப்பு என்பது என் கருத்து. எஞ்சியிருப்பது 8(2) பிரிவு: காப்பாற்றப்படும் நலனைவிட வெளியிடுவதால் வரும் பொதுநலன் மிகுதி என்றால் அலுவலகம் தகவலைத் தரலாம். முதல் மேல்முறையீட்டில் இந்தப் பிரிவைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுங்கள்; உங்கள் மனுவில் அது இருந்ததாகத் தெரியவில்லை.

கேள்வியையும் மாற்றிக் கேளுங்கள். 'அந்தக் காவலருக்கு என்ன தண்டனை' என்று கேட்டால் அது அவருடைய கோப்பு. 'இந்தத் தேதியிட்ட என் மனு எந்த எண்ணில் பதிவானது, யாரிடம் விசாரணைக்குப் போனது, என் ஓட்டுநர் அளித்த வாக்குமூலத்தின் நகல், விசாரணை அறிக்கை அளிக்கப்பட்ட தேதி, என் குற்றச்சாட்டு நிரூபணமானதா இல்லையா என்ற முடிவு' என்று கேட்டால் அது உங்கள் மனுவின் வரலாறு. அறிக்கையில் காவலரின் சொந்த விவரங்கள் இருந்தால், 10ஆம் பிரிவின்படி அவற்றை மட்டும் மறைத்துவிட்டு மற்றதைத் தரும்படி எழுதுங்கள். முழு மறுப்பை எழுதுவது எளிது. ஐந்து தனித்தனிக் கேள்விகளையும் ஒரே காரணத்தால் மறுப்பது அவ்வளவு எளிதன்று. பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். முப்பது நாளில் பதில் வராவிட்டால் அடுத்த முப்பது நாளுக்குள் முதல் மேல்முறையீடு; அதன் முடிவும் சரியில்லை என்றால் தொண்ணூறு நாளுக்குள் சென்னையில் உள்ள தமிழ்நாடு தகவல் ஆணையம்.

குன்னூர் வாசகி ஒருவர்: என் கணவர் காவலராக இருக்கிறார். அவர்மீது யாரோ கொடுத்த மனுவை வைத்து ஒரே இரவில் ஆயுதப்படைக்கு மாற்றிவிட்டார்கள். செய்தித்தாளில் 'நடவடிக்கை' என்று வந்துவிட்டது. இது தண்டனையா?

இல்லை, அம்மா. தமிழ்நாடு காவல் சார்நிலைப் பணி (ஒழுங்கு மற்றும் மேல்முறையீடு) விதிகள் 1955இல் தொடங்கியவை. கண்டனம், ஊதிய உயர்வு நிறுத்தம், பதவி இறக்கம், பணிநீக்கம் எனத் தண்டனைகள் அவற்றில் வரிசையாக உள்ளன. இடமாற்றம் அந்த வரிசையில் இல்லை. சிறு தண்டனைக்கு 3(ஏ), பெருந்தண்டனைக்கு 3(பி) என்ற விதிகளின்கீழ் குற்றச்சாட்டுக் குறிப்பாணை கொடுத்து, அவருடைய விளக்கத்தைப் பெற்ற பிறகே தண்டிக்க முடியும். 'உங்க ஆளுக்கு த்ரீ பி கொடுத்துட்டாங்களா' என்று குடியிருப்பில் கேட்பார்களே, அது இதுதான். விசாரணை நடந்தால் அந்த அறிக்கையின் நகலைத் தந்து, அவர் சொல்வதைக் கேட்ட பின்பே முடிவெடுக்க வேண்டும் என்று 1993இல் கருணாகர் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியுள்ளது.

ஆயுதப்படை மாற்றத்தைப் பொதுமக்களும் தண்டனை என்றே எண்ணி அமைதியாகிவிடுகிறார்கள். சில மாதங்களில் வேறொரு நிலையத்தில் அதே காவலரைப் பார்க்கும்போதுதான் ஏட்டில் எதுவும் ஏறவில்லை என்று தெரிகிறது. தவறு செய்யாதவருக்கு அவப்பெயர், செய்தவருக்குத் தப்பும் வழி என இரு பக்கமும் கெடுக்கும் பழக்கம் இது.

கூடலூர் வாசகர் ஒருவர்: என் தங்கை மகனைக் காவல் நிலையத்தில் வைத்து அடித்திருக்கிறார்கள். எந்தெந்தக் காகிதங்களைக் கேட்டு வாங்க வேண்டும்?

முதலில் அரசு மருத்துவமனைக்குப் போய், காயங்களை விபத்துப் பதிவேட்டில் எழுதச் செய்து நகல் வாங்குங்கள். 'கீழே விழுந்தான்' என்று எழுதிவிடாமல், எப்படி ஏற்பட்டது என்று அவன் வாயால் சொல்வதை எழுதச் சொல்லுங்கள்.

அடுத்தது கேமரா. எல்லாக் காவல் நிலையங்களிலும் கண்காணிப்பு கேமரா வேண்டும், பதிவுகளைப் பதினெட்டு மாதம், முடியாத இடத்தில் குறைந்தது ஓராண்டு வைத்திருக்க வேண்டும் என்று 2020 டிசம்பர் 2 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆனாலும் நாள் கடத்தாதீர்கள். குறிப்பிட்ட தேதியையும் நேரத்தையும் எழுதி, அந்தப் பதிவை அழிக்காமல் பாதுகாக்கும்படி இன்றே பதிவு அஞ்சலில் அனுப்பி, ஒப்புகை அட்டையை வைத்துக்கொள்ளுங்கள். அவன்மீது வழக்கு ஏதேனும் போட்டிருந்தால், முதல் தகவல் அறிக்கை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற வேண்டும் என்பது 2016ஆம் ஆண்டுத் தீர்ப்பு. இணைப்புச் சிக்கல் உள்ள இடங்களுக்கு 72 மணி நேரம் வரை விலக்கு உண்டு. மழைக்காலத்தில் நம் மலைக்கு அந்த விலக்கு பொருந்தும் என்றே வையுங்கள்.

காவல் நிலையாணை 151இன்படி வருவாய்க் கோட்டாட்சியர் விசாரணை கோரிக் கூடலூர் கோட்டாட்சியரிடமும் மனுக் கொடுங்கள். காவல்துறைக்கு வெளியே உள்ள ஒருவர் வாக்குமூலம் பதிவதால் அதற்குத் தனி மதிப்பு உண்டு. மாநில மனித உரிமை ஆணையத்துக்குச் செல்வதானால், நிகழ்ந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் சென்றுவிட வேண்டும்.

கொடைக்கானல் வாசகர் ஒருவர்: நியூயார்க்கில் இருக்கும் என் மகள், அங்கே ஒரு போலீஸ்காரரின் பெயரைக் கொடுத்தால் அவர்மீது வந்த புகார்களை இணையத்திலேயே பார்க்கலாம் என்கிறாள். இங்கே ஏன் அப்படி இல்லை?

அங்கும் நேற்றுவரை அப்படி இல்லை. 50-ஏ என்று அழைக்கப்பட்ட நியூயார்க் மாநிலச் சட்டப்பிரிவு ஒன்று 1976 முதல் காவலர்களின் ஒழுங்கு நடவடிக்கைக் கோப்புகளை மூடியே வைத்திருந்தது. மின்னபொலிஸ் நகரில் ஜார்ஜ் ஃபிளாய்ட் கொல்லப்பட்டதை ஒட்டி எழுந்த போராட்டங்களுக்கிடையே, 2020 ஜூனில் அதை நீக்கினார்கள். கலிஃபோர்னியா 2019இலேயே துப்பாக்கிச் சூடு, பொய்ச் சாட்சி போன்ற சில வகைக் கோப்புகளைத் திறந்துவிட்டது.

இங்கே 2006 செப்டம்பரில் பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் மாவட்டந்தோறும் ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதியின் தலைமையில் காவல்துறை புகார் ஆணையம் வேண்டும் என்றது. தமிழ்நாடு 2013இல் சட்டம் இயற்றியபோது அந்த நாற்காலியில் மாவட்ட ஆட்சியரை அமர்த்தி, பக்கத்தில் காவல் கண்காணிப்பாளரையும் உட்காரவைத்தது. புகாருக்கு ஆளானவரின் மேலதிகாரியே புகாரை விசாரிக்கும் இந்த ஏற்பாட்டை ஆணையம் என்று சொல்ல எனக்குத் தயக்கம்தான்.

ஆனால் ஒரு வழி திறந்தே கிடக்கிறது, பலர் கவனிப்பதில்லை. தண்டனை பெற்ற காவலர் அதை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுப் போட்டால், நீதிமன்றத்தின் உத்தரவில் அவர்மீது வந்த குற்றச்சாட்டு, விசாரணை அலுவலரின் முடிவு, தந்த தண்டனை, குறைத்த தண்டனை எல்லாமே வரும். திண்டுக்கல் மாவட்டம் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கு உட்பட்டது. தகவல் அலுவலர் 'தனிப்பட்டது' என்று மறுக்கும் விவரத்தைக் கிளையின் இணையதளத்தில் காவலரின் பெயரைத் தட்டித் தேடிப் பாருங்கள்.