எல்லைக்கோட்டை எங்கே போடுவது? முறைமைச் சிந்தனையை மாணவர்களுக்குத் தொடங்கி வைப்பது பற்றி

கேள்வி: இராமநாதபுரம் கடற்கரையோரம் உள்ள ஒரு பொறியியல் கல்லூரியில் விரிவுரையாளராக இருக்கிறேன். இயந்திரவியல், மின்னியல், கட்டடவியல் ஆகிய மூன்று துறைகளின் இரண்டாம் ஆண்டு மாணவர்களையும் ஒரே வகுப்பில் வைத்து, பாகங்களைத் தனித்தனியே பார்க்காமல் அவை சேர்ந்து இயங்கும் முழுமையாகப் பார்க்கும் முறைமைச் சிந்தனையையும் (systems thinking) முறைமைப் பொறியியலையும் ஆறு மணி நேரத்தில் அறிமுகப்படுத்த வேண்டியுள்ளது. சென்ற ஆண்டு வரையறைகளில் தொடங்கினேன். மனப்பாடம் செய்து எழுதிவிட்டார்கள். இறுதியாண்டு புராஜெக்ட்டுகளிலோ ஒவ்வொரு பாகமும் தனியாக ஓடுகிறது, சேர்த்தால் ஓடுவதில்லை. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: வரையறைகளை மூன்றாவது மணி நேரத்துக்குத் தள்ளிவையுங்கள். ஒரு சிக்கலை ஆராயும்போது எதைக் கோட்டுக்கு உள்ளே வைப்பது, எதை வெளியே விடுவது என்பதை நாமேதான் முடிவு செய்கிறோம் என்பதும், விடையின் பெரும்பகுதி அந்த முடிவிலேயே அடங்கிவிடுகிறது என்பதும் மாணவர்களுக்கு முதல் வகுப்பிலேயே உறைக்க வேண்டும். அது உறைத்துவிட்டால் மற்றக் கலைச்சொற்களை அவர்களே கேட்டு வாங்கிக்கொள்வார்கள்.

அதற்கு, பாசனத்துக்கு நீர் தேக்கும் ஏரியான கண்மாயைவிடச் சிறந்த பாடப்பொருள் உங்கள் மாவட்டத்தில் இல்லை. கரும்பலகையில் ஒரே ஒரு கண்மாயை வரையுங்கள்: நீர் வந்து சேரும் வரத்துக்கால், கரை, வயலுக்கு நீர் திறக்கும் மடை, நிரம்பினால் நீர் வழியும் கலுங்கு. உள்ளே நிற்கும் நீர் இருப்பு. வரத்துக்காலில் வருவது வரவு. மடையிலும் கலுங்கிலும் வெயிலிலும் போவது செலவு. இவ்வளவு போதும். பிறகு, இந்த ஊருக்குக் கூடுதலாக நீர் தேக்க என்ன செய்யலாம் என்று கேளுங்கள். கலுங்கை உயர்த்தலாம் என்று யாராவது கட்டாயம் சொல்வார்கள், வரைந்த படத்தைப் பொறுத்தவரை அது சரியான விடையும்கூட. அதை மறுக்காமல், கீழே இன்னொரு கண்மாயை வரைந்து, மேல் கண்மாயின் கலுங்கில் வழியும் நீர்தான் கீழ்க் கண்மாயின் வரத்து என்று ஒரு கோட்டால் இணைத்துவிடுங்கள். சற்று முன் சரியாக இருந்த விடை, ஒரு சொல்லும் மாறாமல், தவறான விடையாகிவிடுவதை வகுப்பு முழுவதும் பார்க்கும். எனக்குத் தெரிந்தவரை இந்தப் பாடத்தின் மிக முக்கியமான நிமிடம் அதுதான். அவசரப்பட்டு அதைக் கடந்துவிடாதீர்கள்.

அடுத்து அவர்கள் கோட்டை விரித்துக்கொண்டே போவார்கள், போகட்டும். வைகை இராமநாதபுரம் பெரிய கண்மாயில் வந்து முடிகிறது. அதற்கு மேலே 1959 முதல் வைகை அணை இருக்கிறது. வைகைப் படுகைக்கு 1895 முதல் மலைக்கு அப்பாலிருந்து பெரியாறு நீரும் வருகிறது. அப்படியானால் எதில்தான் நிறுத்துவது? எல்லாவற்றையும் உள்ளே இழுத்துக்கொள்வதும் ஒரு பிழையே, ஏனென்றால் அப்படிப்பட்ட படத்தை வைத்துக்கொண்டு யாராலும் எதையும் செய்ய முடியாது. எந்த முடிவை ஆராய்கிறோமோ அதை எடுக்கக்கூடியவரும், அதனால் பாதிக்கப்படுபவரும் உள்ளே வரும் அளவுக்குக் கோட்டைப் போட வேண்டும் என்பது நான் பின்பற்றும் அளவுகோல். இது நூல் விதி அன்று. ஆனால் இரண்டாம் ஆண்டு மாணவர் கையில் எடுத்துப் பயன்படுத்தக்கூடியது.

விளைவே திரும்பிவந்து காரணத்தை மாற்றும் பின்னூட்டத்தையும், அதில் ஏற்படும் தாமதத்தையும் கற்பிக்க மண்டபம் என்ற கடற்கரை ஊரின் பக்கத்துக் கடற்பாசி வளர்ப்பை எடுத்துக்கொள்ளுங்கள். மூங்கில் மிதவையில் கட்டிய கப்பாஃபைகஸ் பாசி சுமார் 45 நாளில் அறுவடைக்கு வருகிறது. அதில் ஒரு பகுதியே அடுத்த மிதவைக்கு விதைப்பாசி. விளைச்சல் கூடினால் விதை கூடும், விதை கூடினால் மிதவை கூடும்: தன்னைத்தானே பெருக்கிக்கொள்ளும் சுழற்சி இது. ஆனால் எல்லா மிதவைகளிலும் இருப்பது துண்டு துண்டாக வெட்டி வளர்த்த அதே பாசி என்பதால், வெப்பமோ நோயோ வந்தால் எல்லாம் ஒருசேரத் தாக்கப்படும். 2013-க்குப் பிறகு விளைச்சல் கடுமையாகச் சரிந்தபோது, அதை நம்பியிருந்த மகளிர் குழுக்களின் வருமானமும் சேர்ந்தே சரிந்தது. எல்லைக்கோட்டின் கேள்வி இங்கேயும் உண்டு. வளர்ப்பவரின் கணக்கு மிதவையின் நான்கு மூங்கில்களோடு முடிகிறது. கடலில் அப்படி ஒரு வேலி இல்லை. குருசடைத் தீவின் பவளப்பாறைகள்மீது இந்தப் பாசி படர்ந்திருப்பதை ஆய்வாளர்கள் 2008-இல் பதிவு செய்தார்கள். வளர்ப்பு நல்லதா கெட்டதா என்று வகுப்பில் தீர்ப்புச் சொல்லாதீர்கள்; எந்தச் சுழற்சி யாருடைய படத்தில் விடுபட்டிருந்தது என்று மட்டும் கேளுங்கள்.

இவ்வளவும் நிலைமையைப் புரிந்துகொள்ளும் சிந்தனை. அந்தப் புரிதலை வைத்து, தேவைக்கு ஏற்ற ஒரு முழுமையைக் கட்டி எழுப்பி அதைப் பல ஆண்டுகள் காப்பாற்றுவது முறைமைப் பொறியியல். வரையறையாக இந்த ஒரு வாக்கியம் போதும். பிறகு வகுப்பைப் பாம்பனுக்கு அழைத்துச் செல்லுங்கள்.

சாலைப் பாலத்தில் நின்று ரயில் பாலத்தைப் பார்த்தபடி, அதன் தேவையை இரண்டு வாக்கியத்தில் எழுதச் சொல்லுங்கள். ஆனால் ‘தூக்கு’ என்ற சொல் அதில் வரக் கூடாது. ரயிலுக்குத் தண்டவாளம் எங்கும் அறுபடாமல் இருக்க வேண்டும். கப்பலுக்கு வழியில் எதுவும் குறுக்கே நிற்கக் கூடாது. ஒன்றுக்கொன்று முரணான இரண்டு தேவைகள், இரண்டும் நியாயமானவை. அவர்கள் காலடியில் உள்ள சாலைப் பாலம் நடுவில் உயர்ந்து வளைவதன்மூலம் இந்த முரணைத் தீர்த்துக்கொண்டது. லாரி ஏறும் அந்தச் சரிவில் ரயில் ஏறாது. எனவே 1914-இல் திறக்கப்பட்ட பழைய ரயில் பாலத்தில், இரு சிறகுகள் மேல்நோக்கித் திறக்கும் அமைப்பைப் பணியாளர்கள் கையால் இயக்கினார்கள். 2025 ஏப்ரல் 6-இல் திறக்கப்பட்ட புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளமுள்ள பகுதி அப்படியே 17 மீட்டர் செங்குத்தாக மின்விசையால் உயர்கிறது. பக்கத்திலேயே சாலைப் பாலம் நிற்கும்போது அதன் உயரத்துக்கும் மேலே தூக்குவதால் கப்பலுக்கு ஏதாவது பயன் உண்டா என்று கேட்டுப் பாருங்கள். விடையை அவர்களே கண்டுபிடிக்கும்போது, ஒரு பாலத்தின் அளவை அடுத்த பாலம் தீர்மானிக்கக்கூடும் என்பது மனத்தில் நிற்கும்.

பிறகு துறைவாரியாகப் பிரியாமல் கலந்த குழுக்களாக உட்காரவைத்து, பாகங்கள் ஒன்றையொன்று தொடும் இடங்களை எழுதச் சொல்லுங்கள். தூக்குப் பகுதி திறந்திருக்கும்போது ரயில் நுழையாதபடி சிக்னல் அறிய வேண்டும். பழைய பாலத்தில், காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலை நிறுத்தும்படி காற்றுமானியும் சிக்னலும் இணைக்கப்பட்டிருந்தன. உப்புக்காற்று இரும்பை அரிக்கும் என்பதால், வண்ணம் பூசுபவர் எங்கே நின்று பூசுவார் என்பதும் வடிவமைப்பாளரின் கேள்வியே. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்து, ரயில் பாலத்தின் கர்டர்கள் (இரும்பு உத்திரங்கள்) பல கடலில் விழுந்தபோதும் தூக்குப் பகுதி தப்பியது. ரயில்வே பொறியாளர் இ. ஸ்ரீதரன் தலைமையிலான குழு 46 நாளில் பாலத்தைச் சீரமைத்தது. சாலைப் பாலம் 1988-இல்தான் வந்தது, ஆகவே அந்த நாள்களில் இராமேசுவரம் தீவு மக்களுக்கு நிலத்தோடு இருந்த ஒரே பால இணைப்பு அது. அந்த அவசரத்தையும் படத்தில் வரையச் சொல்லுங்கள்.

உங்கள் மாணவர்களின் புராஜெக்ட் சேர்க்கும்போது ஓடாமல் போவதும் பாகங்கள் சந்திக்கும் இடத்தில்தான். 1999-இல் செவ்வாய்க் கோளுக்கு நாசா அனுப்பிய மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் விண்கலம் தொலைந்ததற்குக் காரணம், ஒரு மென்பொருள் பவுண்டு அலகில் கொடுத்த விசைக் கணக்கை இன்னொன்று நியூட்டன் அலகாக எடுத்துக்கொண்டது. பிழை இரண்டும் சந்தித்த இடத்தில் இருந்தது. ஆகையால் புராஜெக்ட் தொடங்கும் வாரத்திலேயே, யார் யாருக்கு எதை, எந்த அலகில், எந்த வடிவில் கொடுப்பார் என்று ஒரு பக்கத்தில் எழுதி, குழுவில் அனைவரும் கையெழுத்திட்ட பிறகே பொருள் வாங்க அனுமதியுங்கள்.

இன்னொரு பிழையை நானே என் மாணவர்களுடன் செய்திருக்கிறேன். கருவாடு போடும் பெண்களுக்காகச் சூரிய உலர்த்தி ஒன்றைக் கட்டினோம். குறித்த வெப்பம் வந்தது, ஈரம் குறைந்தது, சோதனைகள் அனைத்திலும் தேறியது. ஆனால் அந்தப் பெண்கள் அதைப் பயன்படுத்தவில்லை. மீன் குவியும் நாளில் உலர்த்தி போதவில்லை, மற்ற நாளில் அதற்கு வேலையே இல்லை, சில மாதத்தில் கீல்கள் துருப்பிடித்துவிட்டன. எழுதிய தேவையை நிறைவேற்றினோமா என்று மட்டும் சரிபார்த்த நாங்கள், எழுதிய தேவை சரிதானா என்று கேட்கவே இல்லை. பொறியியலில் இவை இரண்டும் வெவ்வேறு சோதனைகள். மீன் காயவைக்கும் இடத்தில் குனிந்து மீனைப் புரட்டும் ஒருவரை அந்தத் தேவையை எழுதிய நாளில் அருகில் உட்காரவைத்திருந்தால், முதல் பத்து நிமிடத்தில் சொல்லியிருப்பார்.

எனவே ஆறாவது மணி நேரத்தை விரிவுரைக்கு வைக்காதீர்கள். மாணவர்கள் எடுக்க நினைக்கும் புராஜெக்ட்டோடு தொடர்புள்ள ஒருவரை, மிதவை கட்டுபவரையோ ஐஸ் ஃபேக்டரியில் வேலை செய்பவரையோ கருவாடு விற்பவரையோ, உரிய மதிப்பூதியம் கொடுத்து வகுப்புக்கு அழையுங்கள். மாணவர்கள் தங்கள் படத்தை அவர் முன்னால் விரித்து, இதில் என்ன விடுபட்டிருக்கிறது என்று கேட்கட்டும். அவர் சொன்னதற்கு முன்னும் பின்னும் வரைந்த இரண்டு படங்களையும், கோடு ஏன் நகர்ந்தது என்ற அரைப்பக்க விளக்கத்தையும் வாங்கி மதிப்பெண் போடுங்கள். தலைப்பைப் பதிவு செய்வது அதற்குப் பிறகு நடக்கட்டும்.