கல்லூரி வளாகத்தில் வெளிமாநில மாணவர்களுக்கும் பால்புதுமையருக்கும் உண்மையான பாதுகாப்பு எது?

கேள்வி கேட்டவர் அமெரிக்காவைச் சுட்டிக்காட்டியிருக்கிறார். குடியேறிய மாணவர்களையும் பால்புதுமையரையும் (தன்பாலீர்ப்பாளர், திருநர் போன்றோர்) பாதுகாக்க அங்கே பல்கலைக்கழகங்கள் விதி வகுக்கின்றனவே, கேரள எல்லையில் உள்ள நம் கல்லூரிகளில் அப்படி ஏதாவது நடக்குமா என்பது அவருடைய சந்தேகம்.

நான் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவில் (ஆந்திரத்துச் சித்தூர் வேறு) ஒரு கல்லூரி அலுவலகத்தில் கோப்பு பார்க்கிறவன். பாடம் நடத்துகிறவன் இல்லை. கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்: ஒரு மாணவரைப் பற்றிய விவரம் யார் கைக்குப் போகிறது என்பதில் கவனம் இல்லாத கல்லூரியில் வேறு எந்தப் பாதுகாப்பும் நிலைக்காது.

அமெரிக்காவிலும் விஷயத்தின் அடிப்படை அதுதான். 1974இல் வந்த சட்டப்படி, மாணவரின் சம்மதம் இல்லாமல் கல்விப் பதிவேடுகளைப் பொதுவாக வெளியே கொடுக்கக்கூடாது. ஆனால் பெயர், முகவரி, தொலைபேசி எண் ஆகியவை 'அடைவு விவரம்', அதாவது சம்மதம் கேட்காமலே வெளியே கொடுக்கக்கூடிய பொது விவரம், என்ற கணக்கில் வரலாம். மாணவர் முன்கூட்டியே எழுதி மறுத்திருந்தால்தான் அவை வெளியே போகாது. நீதிமன்ற உத்தரவு வந்தால் பல்கலைக்கழகம் பதில் சொல்லியே ஆகவேண்டும். பள்ளி, கல்லூரிகளுக்குள் குடிநுழைவு அதிகாரிகள் கைது நடவடிக்கை எடுப்பதைக் கட்டுப்படுத்திய வழிகாட்டுதல் 2025 ஜனவரியில் திரும்பப் பெறப்பட்டது. ஆகவே அங்கேயும் எல்லாம் சொர்க்கம் என்று நினைத்துவிட வேண்டாம்.

நம் பக்கம் நிலைமை வேறு. கோபாலபுரம் சோதனைச் சாவடியைத் தாண்டி பொள்ளாச்சியிலிருந்து பஸ்ஸில் வருகிற பிள்ளைகள், தலைமுறைகளாக இங்கேயே இருக்கும் தமிழர் வீட்டுப் பிள்ளைகள், கஞ்சிக்கோடு தொழிற்சாலைகளில் வேலை செய்யும் ஒடிசா, வங்காளத் தொழிலாளிகளின் பிள்ளைகள்: எல்லோரும் இந்தியக் குடிமக்கள். சட்டப்படி யாரும் இவர்களை நாடு கடத்த முடியாது. ஆனால் தமிழர்களை இழிவாகக் குறிக்கும் "பாண்டி" என்ற ஒரு சொல்லைப் போட்டு வகுப்பின் கடைசி பெஞ்சுக்குத் தள்ள முடியும். வங்காளம் பேசுகிற பையனிடம் "நீ எந்த நாடு, காகிதம் இருக்கிறதா" என்று விளையாட்டாகக் கேட்டுச் சிரிக்க முடியும். கேட்பவனுக்கு அது விளையாட்டு.

இப்போது எங்கள் ஹாஸ்டல் வாசலுக்கு வாருங்கள். மேசைமேல் ஒரு நீள நோட்டு, நூலில் கட்டிய பேனா. பெயர், அறை எண், எங்கே போகிறாய், யாருடன், என்ன காரணம், செல்போன் எண் என்று வரிசையாகக் கட்டம். பால்காரர் முதல் பக்கத்து அறைப் பையன் வரை யார் வேண்டுமானாலும் புரட்டிப் பார்க்கலாம். யார் யாருடன் அடிக்கடி வெளியே போகிறான், எவள் ஒவ்வொரு மாதமும் கோயம்புத்தூரில் டாக்டரைப் பார்க்கிறாள், எல்லாம் அதில் இருக்கும். பக்கத்திலேயே அறிவிப்புப் பலகை. உதவித்தொகைப் பட்டியல் சாதி, வருமானம், சொந்த ஊர் சகிதம் அங்கே தொங்கும். பெயரை மாற்றிக்கொண்ட திருநம்பி ஒருவருக்கு வருகைப் பதிவேட்டில் பழைய பெயரே இருந்தது. ஒவ்வொரு மணி நேரமும் ஒவ்வோர் ஆசிரியரும் அதை உரக்கக் கூப்பிட்டார்கள். அந்த வருகைப் பட்டியலைத் திருத்த எங்கள் அலுவலகக் கணினியில் ஐந்து நிமிடம் போதும். கோப்பு நகர்வதற்குள் ஒரு பருவம் முடிந்துவிட்டது.

இதிலெல்லாம் மோசமானது வீட்டுக்குப் போகும் தொலைபேசி அழைப்பு. இரண்டாம் ஆண்டு மாணவன் ஒருவனின் செல்போனை அறைத்தோழன் எடுத்துப் பார்த்து, அவன் தன்பாலீர்ப்பாளன் என்று வார்டனிடம் போய்ச் சொன்னான். பையனின் நன்மைக்காக என்று வார்டன் அப்பாவை அழைத்தார். சாயங்காலம் வேனில் அப்பாவும் மாமாவும் வந்து இறங்கினார்கள். மாற்றுச் சான்றிதழுக்கான விண்ணப்பம் என் கவுண்டருக்கு வந்தது. காரணம் என்ற கட்டத்தில் "குடும்பச் சூழ்நிலை" என்று மாமாவே எழுதினார். பையன் கையெழுத்து மட்டும் போட்டான். பத்தொன்பது வயது. ஓட்டுப் போடலாம், ஆனால் தன்னைப் பற்றி எதை எப்போது வீட்டில் சொல்வது என்பதை வார்டன் முடிவு செய்தார்.

வார்டனுக்கு அந்த உரிமை கிடையாது. பாலீர்ப்பு (ஒருவருக்கு யார்மேல் ஈர்ப்பு என்பது) அந்தரங்க உரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017இல் சொல்லிவிட்டது. 2018 செப்டம்பர் 6ஆம் தேதி, வயது வந்தவர்கள் மனமொத்து நெருங்குவது அன்றைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவில் குற்றமாகாது என்றும் தீர்ப்பு வந்தது. குற்றமே இல்லாத ஒன்றைப் புகார் செய்ய என்ன இருக்கிறது? வீட்டுக்குக் கொண்டுபோய் 'குணப்படுத்துகிறேன்' என்று மருத்துவரிடம் இழுத்தால், தமிழ்நாட்டுப் பக்கம் சென்னை உயர் நீதிமன்றத்தின் 2021 உத்தரவு அதைத் தடுக்கிறது. அடைத்து வைத்தால், அவரை நீதிமன்றத்தில் கொண்டுவந்து நிறுத்தக் கேட்கும் ஆட்கொணர்வு மனு உண்டு. அப்படி வருகிறவரின் சொந்த விருப்பத்தைத்தான் கேட்க வேண்டும், ஆலோசனை என்ற பெயரில் மனத்தை மாற்றப் பார்க்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2024இல் வழிகாட்டுதல் கொடுத்தது. அந்த வழக்கு போனதே கேரளத்திலிருந்துதான்.

கேரள அரசு 2018இல் திருநர் மாணவர்களுக்காகப் பல்கலைக்கழகங்களிலும் இணைப்புக் கலை அறிவியல் கல்லூரிகளிலும் ஒவ்வொரு படிப்புக்கும் இரண்டு கூடுதல் இடங்கள் அறிவித்தது. நல்ல காரியம். ஆனால் அந்த இடத்தில் சேருகிறவரைப் பற்றிச் சேர்ந்த அன்றே கல்லூரி முழுக்கத் தெரிந்துவிடுகிறது. எந்த ஹாஸ்டல், எந்தக் கழிப்பறை என்பதற்குக் கல்லூரி அதற்குள் பதில் தயாராக வைத்திருக்க வேண்டாமா? இடத்தைக் கொடுத்துவிட்டுக் கதவு எங்கே என்று மாணவரையே தேடச் சொல்வது என்ன நியாயம்?

பலருக்குத் தெரியாத ஆயுதம் ஒன்று இருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் ராகிங் தடுப்பு விதிகள் 2009இல் வந்தன. 2016 திருத்தத்தில் நிறம், மதம், சாதி, பாலினம், பாலீர்ப்பு, தேசியம், பிறந்த இடம், வட்டாரம், மொழி ஆகியவற்றை வைத்து ஒரு மாணவரைத் துன்புறுத்துவதும் ஒதுக்கி வைப்பதும் ராகிங் என்று சேர்த்தார்கள். முதலாண்டு மாணவராக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆக, "பாண்டி" என்று விரட்டுவதும், திருநங்கையைக் கேலி செய்து துரத்துவதும் ஒரே விதிக்குள் வருகின்றன. இரண்டு தரப்பும் சேர்ந்தே புகார் கொடுக்கலாம். சேர்ந்து கொடுத்தால் அலுவலகம் சீக்கிரம் எழுந்திருக்கும் என்பது என் அனுபவம்.

புகாரை எழுத்தில் கொடுங்கள். தேதி, இடம், சொன்ன சொல், உடனிருந்தவர் எல்லாம் வேண்டும். கல்லூரியின் தடுப்புக் குழு கேட்காவிட்டால் கட்டணமில்லா எண் 1800-180-5522. அரசு அலுவலகத்துக்கு மலையாளத்தில் எழுத வராது என்று தயங்க வேண்டாம். கேரள ஆட்சிமொழிச் சட்டம், 1969இன்படி மொழிச் சிறுபான்மைப் பகுதிகளில் தமிழில் எழுதலாம். பதிலும் தமிழில் தர வேண்டும். அலுவலகத்தில் கொடுக்கும்போது நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். அது இல்லாமல் வந்த கடிதம் எங்களைப் போன்ற அலுவலகங்களில் எப்படிக் காணாமல் போகும் என்று எனக்குத் தெரியும்.