ஆயா கட்டிவிட்ட சீலை

அன்புள்ள ஐயா,

சென்ற வாரம் கானாடுகாத்தானில் ஒரு பழைய வீட்டில் நடந்த ஓவியக் கண்காட்சிக்குப் போயிருந்தேன். வளவில், அதாவது வீட்டின் நடு முற்றத்தில், பெரிய கேன்வாஸை நிறுத்தி, நாதஸ்வரம் ஒலிக்க, ஓவியர் ஒன்றரை மணி நேரத்தில் எங்கள் கண்முன்னே ஒரு படத்தை வரைந்து முடித்தார். பிறகு அதைக் கணினிக்குக் கொடுத்து, சில நொடிகளில் அதன் இருபது மாற்று வடிவங்களைத் திரையில் காட்டினார். அழகை இனி இயந்திரம் உண்டாக்கும், தேர்ந்தெடுப்பதே கலைஞனின் வேலை என்றார். 500 ரூபாய் கட்டணம். பார்த்த இடமெல்லாம் கைபேசி. உடன் வந்த என் அம்மாவுக்கு இதெல்லாம் புரியாது. முகப்பில் மாட்டியிருந்த, ஜரிகை வைத்துத் தைத்த பழைய லட்சுமி படத்தின் முன்னாலேயே நின்றுவிட்டார். நேரடி ஓவியம் கலையா, வித்தையா? இனி ஓவியனுக்கு என்ன வேலை?

வாசகர், காரைக்குடி

அன்புள்ள தம்பி,

கட்டணத்தைப் பற்றியும் கைபேசிகளைப் பற்றியும் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. கூட்டத்தின் முன் வரைவதும் புதிதல்ல. இந்துஸ்தானிப் பாடகர் பீம்சேன் ஜோஷி பாட, மேடையிலேயே ஓவியர் எம். எஃப். ஹுசைன் வரைந்திருக்கிறார். இழுத்த கோட்டைத் திரும்ப எடுக்க முடியாது என்று தெரிந்தும் அத்தனை பேர் முன்னால் ஒரு கை துணிவதைப் பார்க்கையில் நமக்கும் ஒரு படபடப்பு வருகிறது. அதை வித்தை என்று நான் தள்ளமாட்டேன். ஆனால் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்த நீங்கள், அந்தப் படத்தில் என்ன இருந்தது என்று ஒரு வரிகூட எழுதவில்லை. ஆளா, மரமா, என்ன நிறம்? எத்தனை மணி நேரத்தில் முடிந்தது என்பது மட்டும் நினைவிருக்கிறது. இந்த லட்சணத்தில் அம்மாவுக்குப் புரியாது என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது? அன்று அந்த வீட்டில் படம் பார்த்தவர் அவர் ஒருவர்தான்.

அவர் பார்த்ததும் இயந்திரம் செய்த படம்தான். ரவிவர்மா 1894-இல் பம்பாயில் அச்சகம் தொடங்கியபோது ஜெர்மனியிலிருந்து இயந்திரங்கள் வந்தன. ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு கல்லாக, ஒன்றன்மேல் ஒன்றாக அச்சிட்டு, ஒரே முகமுடைய லட்சுமிகளை ஆயிரக்கணக்கில் வெளியே அனுப்பினார்கள். செட்டிநாட்டு வீடுகளின் சுவர்களிலும் அவை ஏறின. ஏறியபின் இங்கே என்ன நடந்தது என்பதை யாரும் போதிய அளவு எண்ணிப் பார்ப்பதில்லை என்ற ஆதங்கம் எனக்கு நெடுநாளாக உண்டு.

எங்கள் ஆயா, அதாவது பாட்டி, வீட்டில் அப்படி ஒரு லட்சுமி இருந்தாள். ஐயா என்று நாங்கள் அழைக்கும் தாத்தா கொண்டுவிற்க, அதாவது வியாபாரம் செய்ய, பர்மாவுக்குப் போய்விட்டால் திரும்பி வர மூன்று வருடம் ஆகும். அப்படியொரு தவணையில், ஆயா அந்தப் படத்தைக் கஞ்சிப் பசையால் துணியில் ஒட்டி, நைந்துபோன தன் கூறைப்புடவையின் ஜரிகையைப் பிரித்தெடுத்து, அச்சில் இருந்த சேலையின் மடிப்புகளுக்கு மேலேயே வரி வரியாகத் தைத்தார். கழுத்துக்குச் சம்கி, தாமரைக்குப் பட்டுநூல், மாலை ஏந்திய யானையின் கண்ணுக்கு ஒற்றைக் கறுப்புப் பாசிமணி. இடது முழங்காலுக்குக் கீழே ஜரிகை தீர்ந்துபோயிருக்கிறது. வேறொரு புடவையிலிருந்து எடுத்துத் தொடர்ந்திருக்கிறார். அந்த இடத்திலிருந்து பொன் சற்று வெளுத்திருக்கும். அச்சடித்த பிற லட்சுமிகளில் ஒன்றுக்கும் அந்த வெளுத்த கரை கிடையாது.

கல்லூரியில் ஓவியம் படித்துவிட்டு விடுமுறைக்கு வந்த திமிரில், இது மலிவான அச்சுப் படம் என்று நான் அவரிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "படம் பம்பாய்க்காரன் போட்டது. சீலை நான் கட்டிவிட்டது" என்றார். அதற்குப் பதில் சொல்ல எனக்கு அன்று அறிவில்லை. வீடு பாகம் பிரிந்து இடிபட்டபோது நிலைக்கதவுகளோடு சேர்ந்து அந்தப் படமும் போயிற்று. கேட்டு வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. இன்றும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகளைக் கடக்கும்போதெல்லாம், கண்ணாடிச் சட்டமிட்ட ஒவ்வொரு லட்சுமியின் முழங்காலையும் குனிந்து பார்த்துவிட்டுத்தான் நகர்கிறேன்.

அதனால்தான் தேர்ந்தெடுப்பதே கலைஞனின் வேலை என்ற அந்த ஓவியரின் பேச்சை என்னால் ஏற்க முடியவில்லை. கடைக்காரன் விரித்துப் போடும் இருபது புடவைகளில் ஒன்றை எடுப்பவரும் தேர்ந்தெடுக்கத்தான் செய்கிறார். ஆயா எதையும் தேர்ந்தெடுக்கவில்லை. ஊரெல்லாம் இருந்த அதே படம்தான் அவருக்கும் வந்தது. ஒரு படத்தோடு அத்தனை மாதங்கள் உட்கார்ந்திருந்ததில், அது வேறொரு படமாகிவிட்டது. கணினி தந்த இருபதில் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுபோய் அந்த ஓவியர் ஆறு மாதம் அதன்மேல் வேலை செய்வாரென்றால், அந்தக் கண்காட்சிக்கு நானும் வருகிறேன். கணினிமேல் எனக்குப் பகை இல்லை.

நீங்கள் அம்மாவை மறுபடியும் அந்த வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். அந்தப் படத்தில் எந்த இடம் அவரை நிறுத்தியது என்று கேளுங்கள். அவர் விரல் வைத்துக் காட்டும் இடத்தை நன்றாகப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.