ஆக்ஸில் பாக்ஸ் சூடாகுதா? அண்ணாச்சியிடம் கேளுங்க

ஓடுகிற நிலையில் பாதுகாத்து வைத்திருக்கும் கரி இன்ஜின்களின் அச்சு பேரிங் பற்றி வந்த கேள்விகள் இவை. பதில் சொல்பவர், இன்ஜின்களின் அடிப்பக்க வேலையிலேயே வாழ்நாளைக் கழித்த திருநெல்வேலி பிட்டர் அண்ணாச்சி.

செங்கோட்டை லைனில் கரி இன்ஜின் ஓடிய காலத்தில், வண்டி நின்றதும் டிரைவர் இறங்கிச் சக்கரத்தைத் தொட்டுப் பார்ப்பார். எதற்கு? (கல்லிடைக்குறிச்சி)

சக்கரத்தை இல்லம்மா. ஆரத்துக்கு இடையில கையை விட்டு, உள்ள அச்சு பேரிங் உக்காந்திருக்கிற கூடான ஆக்ஸில் பாக்ஸைத் தொடுவாவ. அதுவும் புறங்கையால. சூடு சட்டுனு தெரியும்.

மீட்டர் கேஜ் பாதையில ஓடின ஒய்.பி. ரக இன்ஜினில் ஒரு அச்சு மேல 10 டன்னுக்கு மேல பாரம் உண்டு. அதைத் தாங்குறது பித்தளைக்கு உள்ள ஊத்தின ஒயிட் மெட்டல்ங்கிற மெதுவான உலோகக் கலவை. அச்சு சுத்தும்போது எண்ணெயைத் தானே இழுத்துக்கிட்டுப் போய் அது மேல மிதக்கும். ஓட்டத்துல இரும்பும் மெட்டலும் தொடவே தொடாது. எண்ணெய் அறுந்தா உரசும், உரசினா சூடேறிக் காயும். சுமார் 240 டிகிரியில மெட்டல் உருக ஆரம்பிச்சிரும்.

இங்கிலாந்துல மல்லார்டுன்னு ஒரு இன்ஜின், 1938 ஜூலை 3 அன்னைக்கு மணிக்கு 126 மைல் ஓடி சாதனை பண்ணிச்சு. அந்த ஓட்டத்துலேயே அதோட நடு பிக் எண்ட் பேரிங், அதாவது பிஸ்டன் தள்ளுற ராடு அச்சோட சேர்ற இடத்து பேரிங், காஞ்சு போச்சு. அது அச்சு பேரிங் இல்ல, ஆனா அதுக்கும் இதே மெட்டல்தான். சூடு ஏறினா மூக்குக்குத் தெரியட்டும்னு அதுக்குள்ள சோம்பு வாசனைக் குப்பி வச்சிருந்தாவ. நம்ம டிரைவருக்குப் புறங்கைதான் குப்பி.

அண்ணாச்சி, நான் ஆயில் இன்ஜின் மெக்கானிக். ரோலர் பேரிங் போட்டுட்டா இந்தத் தொல்லையே இல்லையே? (பேட்டை)

புது இன்ஜினுக்குச் சரிதான் தம்பி. அமெரிக்காவுல 1930-லேயே எல்லா அச்சுக்கும் ரோலர் பேரிங் போட்டு ஒரு இன்ஜினை ஓட்டிக் காட்டிட்டாவ. ஆனா பழைய இன்ஜினுக்கு அதை மாட்டணும்னா ஆக்ஸில் பாக்ஸையே புதுசா வார்க்கணும். அப்புறம் அது பழைய இன்ஜின் இல்ல. இன்னொண்ணையும் யோசிங்க. திருச்செந்தூர் பக்கம் தேரிச் செம்மணல் காத்துல பறக்கும். ஒரு மணல் துகள் உள்ள போனா ஒயிட் மெட்டல் அதைத் தனக்குள்ள அமுக்கிக்கிடும். அச்சுல கீறல் விழாது. மெட்டலை மறுபடி ஊத்திக்கிடலாம், அச்சை வாங்க முடியாது.

ஒயிட் மெட்டல் ஊற்றும் முறையை விவரமாகச் சொல்லுங்கள். கல்லூரி பிராஜெக்டுக்கு. (பாளையங்கோட்டை)

நல்ல கேள்வி கேட்டிய தாயி. அந்த மெட்டல்ல பெரும்பங்கு வெள்ளீயம். கூட ஆன்டிமனியும் செம்பும்.

முதல்ல பழைய மெட்டலை உருக்கி எடுத்துட்டு, பித்தளையை எண்ணெய்ப் பிசுக்கு ஒரு துளி இல்லாம கழுவணும். அப்புறம் ஈயம் பிடிக்கிறதுக்கான பிளக்ஸ் தடவி ஈயம் பூசணும். முழுப்பரப்பும் பளபளன்னு ஈயம் பிடிக்கணும். பிடிக்காத இடத்துல மெட்டலும் பிடிக்காது. இந்த வேலையில அவசரப்பட்டவன் ஊத்தினது ஓட்டத்துல பெயர்ந்து வரும்.

பித்தளையையும் மெட்டல் ஊத்துற வார்ப்பு அச்சையும் நல்லா சூடாக்கிக்கிடணும். ஈரம் இருக்கவே கூடாது. ஒரு சொட்டுத் தண்ணி இருந்தா மெட்டல் வெடிச்சு முகத்துல தெறிக்கும். கண்ணாடியும் கையுறையும் இல்லாம யாரும் பக்கத்துல நிக்காதீங்க. மெட்டல் பதமா இருக்கான்னு பார்க்க, காஞ்ச மரக்குச்சியை உள்ள விட்டா பழுப்பாக் கருகணும். தீப்பிடிச்சா சூடு மிஞ்சிப்போச்சு. ஊத்தும்போது நடுவுல நிறுத்தாம ஒரே ஊத்தா ஊத்தணும்.

ஆறினதும் சின்னச் சுத்தியலால தட்டுங்க. கோயில் மணி மாதிரி கணீர்னு கேட்டா ஒட்டியிருக்கு. மொத்துனு கேட்டா உள்ள இடைவெளி இருக்கு. சந்தேகம்னா மண்ணெண்ணெயில ஊறவச்சுத் துடைச்சிட்டு, மெட்டலும் பித்தளையும் சேர்ற ஓரத்துல சாக்பீஸ் பொடி தூவுங்க. ஒட்டாத இடத்துல எண்ணெய் கசிஞ்சு பொடி கறுக்கும்.

கடைசல் முடிஞ்சாலும் வேலை முடியல. அச்சுல நீலச் சாயம் தடவி, பேரிங்கை வச்சுத் திருப்பி எடுத்தா, உயரமா இருக்கிற இடத்துல மட்டும் நீலம் ஒட்டும். அங்க மட்டும் ஸ்கிரேப்பரால சீவணும். மறுபடி தடவணும், மறுபடி சீவணும். தாங்குற பரப்பு முழுக்க நீலம் சீராப் படியிற வரைக்கும். இதுல பொறுமை இருந்தா மத்ததெல்லாம் கத்துக்கிடலாம்.

எண்ணெய்க்குப் பதில் கிரீஸ் அடைக்கலாமா? (சங்கரன்கோவில்)

எண்ணெய்க்குன்னு செஞ்ச பாக்ஸ்ல கூடாது. அதுல அச்சுக்கு எண்ணெய் கொண்டுபோறது கம்பளித் திரி, அதுல கிரீஸ் ஏறாது.

வருஷத்தில் ஒன்றிரண்டு நாள் மட்டும் ஓடும் இன்ஜினுக்கு என்ன பராமரிப்பு? (தென்காசி)

ஓடுற இன்ஜினை விட நிக்கிற இன்ஜினுக்குத்தான் பேரிங் சீக்கிரம் கெடும். எல்லாரும் பெயின்ட் அடிக்கிறாவ, படம் பிடிக்கிறாவ, அடியில குனிஞ்சு பார்க்க ஆள் இல்ல. எனக்கு அதுதான் மனசு கேக்கல.

உங்க ஊர்ல சாரல் காலத்துல காத்தே ஈரம். அந்த ஈரம், அச்சுக்கு அடியில எண்ணெய் நிக்கிற தட்டான கீப்புக்குள்ள தண்ணியா இறங்கும். எண்ணெய் மேல, தண்ணி அடியில. கீப்புல இருந்து அச்சுக்கு எண்ணெய் ஏத்துற கம்பளி பேடு, அடியில இருக்கிற தண்ணியை உறிஞ்சிட்டா எண்ணெயை ஏத்தாது. அச்சு துருப்பிடிச்சுக் குழி விழும். அந்தக் குழி, ஓட்டும்போது மெட்டலை அரம் வச்ச மாதிரி ராவும்.

அதனால மாசம் ஒரு தடவையாவது கீப்பில இருக்கிற தண்ணியை வடிச்சு விடுங்க. பேடை எடுத்து ஈரம் பாருங்க. சந்தேகம்னா புதுப் பேடை எண்ணெயில ஊறவச்சு மாட்டுங்க. பாக்ஸுக்கு எண்ணெய் விடுற மேலத் தொட்டியில உள்ள திரியை, இன்ஜின் நிக்கும்போது உருவி வைக்கணும். இல்லைன்னா சொட்டிச் சொட்டித் தொட்டி காலியாயிரும். அப்புறம் எண்ணெய் விட்டுட்டு, இன்ஜினைக் கொஞ்ச தூரம் மெதுவா உருட்டி வேற இடத்துல நிறுத்துங்க. அச்சு முழுக்க எண்ணெய் படியும்.

சக்கரத்தைக் கழற்றாமலே பேரிங் தேய்ந்ததைக் கண்டுபிடிக்க முடியுமா? (அம்பாசமுத்திரம்)

ஓரளவுக்கு முடியும். கீப் எண்ணெயை வெள்ளைத் துணியில வடிச்சா, வெள்ளி மாதிரித் துகள் மின்னினா மெட்டல் போகுதுன்னு அர்த்தம். பிஸ்டன் முன்னும் பின்னும் தள்ளும்போது பாக்ஸ் பக்கம் டக் டக்னு சத்தம் வந்தாலும் பார்க்கணும். ஆனா பாக்ஸை ஆடாம பிடிச்சு வைக்கிற ஆப்பான ஹார்ன் வெட்ஜ் தளர்ந்தாலும் அதே சத்தம்தான். முதல்ல வெட்ஜைச் சரிபண்ணுங்க, உடனே ஜாக்கியைத் தேடாதீங்க. தூக்கியே ஆகணும்னா, சக்கரங்களை ஒண்ணோட ஒண்ணு இணைக்கிற கப்ளிங் ராடை முதல்ல இறக்கிடணும். எந்த பாக்ஸ் எந்தப் பக்கம்னு நம்பர் குத்தி வையுங்க.

புது பேரிங் போட்ட பிறகு உடனே கூட்டத்தை ஏற்றி ஓட்டலாமா? (வள்ளியூர்)

வேண்டாம் தம்பி. முதல்ல வெறும் இன்ஜின், நடக்கிற வேகம், கொஞ்ச தூரம். நிறுத்தி எல்லா பாக்ஸையும் தொட்டுப் பாருங்க. லேசான சூடு பரவாயில்ல. மத்ததெல்லாம் ஒரே மாதிரி இருந்து ஒண்ணு மட்டும் காஞ்சா, அதைக் கவனிக்கணும். அப்புறம் தூரத்தைக் கூட்டுங்க, பிறகு வேகத்தை, கடைசியாத்தான் பெட்டி. ராத்திரி ஆறினதும் கீப்பைத் திறந்து எண்ணெயைத் துணியில வடிச்சுப் பாருங்க. துகள் இல்லைன்னா மறுநாள் ரெண்டு பெட்டி மாட்டிக்கிடலாம்.