கருவியின் தடுமாற்றமா, கோளின் நிழலா?

கேள்வி: புறக்கோள் (சூரியன் அல்லாத வேறொரு விண்மீனைச் சுற்றும் கோள்) தன் விண்மீனுக்குக் குறுக்கே கடக்கும்போது ஒளி குறைவதை வைத்து அதைக் கண்டறிகிறார்கள். தொலைநோக்கியின் குறையாலும் ஒளி கூடிக் குறையுமே, இரண்டையும் எப்படிப் பிரிக்கிறார்கள்? திருத்தும்போது கோளின் தடயமே அழிந்துவிடாதா?

பதில்: நியாயமான ஐயம். சூரியனைப் போன்ற விண்மீனின் ஒளியில் வியாழன் அளவுள்ள கோள் ஏறக்குறைய 1 சதவீதத்தை மறைக்கும்; பூமி அளவுள்ளதோ பத்து லட்சத்தில் 84 பங்கை மட்டுமே மறைக்கும். கருவியின் இரைச்சல், அதாவது கருவியால் பதிவில் வரும் பொய்யான ஏற்ற இறக்கம், பல சமயம் இதைவிடப் பெரியது.

நாசாவின் கெப்ளர் விண்தொலைநோக்கியையே எடுத்துக்கொள்வோம். 2009-இல் ஏவப்பட்ட அதில், பார்வை பிசகாமல் காக்க நான்கு சுழல்சக்கரங்கள் இருந்தன. 2012-இல் ஒன்றும் 2013 மே மாதத்தில் இன்னொன்றும் பழுதாகிவிட, எஞ்சிய இரண்டோடு சூரிய ஒளியின் அழுத்தத்தையும் துணையாக்கி, 2014-இல் 'கே2' என்ற பெயரில் அதை மீண்டும் பணியில் இறக்கினார்கள். அந்தச் சமநிலை முழுமையானதல்ல. தொலைநோக்கி தன் பார்வை அச்சைச் சுற்றி மெல்லப் புரளும். சுமார் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை உந்துபொறிகள் இயங்கி அதைப் பழைய நிலைக்குத் திருப்பும். இப்படி விண்மீனின் பிம்பம் பிக்சல்களின் மேல் நகர்ந்து நகர்ந்து திரும்பியதாலும், ஒவ்வொரு பிக்சலின் உணர்திறனும் சற்றே வேறுபடுவதாலும், விண்மீனில் மாற்றமே இல்லாதபோதும் பதிவான ஒளி ரம்பப் பல் போல ஏறி இறங்கியது.

பிம்பம் ஏறக்குறைய ஒரே தடத்தில் போய்வந்தது நல்லதாயிற்று. அது தடத்தின் எந்த இடத்தில் இருக்கும்போது ஒளி எவ்வளவு மாறுகிறது என்பதை அந்தப் பதிவுகளிலிருந்தே கணக்கிட்டு, அந்த மாற்றத்தை வகுத்து நீக்கினார்கள். கோளின் கடப்போ பிம்பம் எங்கே இருக்கிறது என்று பார்த்து வருவதில்லை; அது தன் சுற்றுக்காலப்படிதான் வரும். ஒரே உணரியில் பதிவான பல விண்மீன்களுக்கும் பொதுவான ஏற்றத்தாழ்வுகளைப் பிரித்தெடுத்துக் கழிப்பது இன்னொரு வழி.

நீங்கள் அஞ்சும் ஆபத்து இங்கேதான் இருக்கிறது. இரைச்சலைக் கணிக்கப் பதிவுகளோடு பொருத்தும் சமன்பாட்டுக்கு அளவுக்கு மீறி நெகிழ்வு தந்தால், அது கோளால் விழுந்த பள்ளத்தையும் இரைச்சலாகவே கொண்டு நிரவிவிடும்; ஒளி வளைவு (நேரத்தோடு ஒளி மாறுவதைக் காட்டும் வரைகோடு) பார்க்கச் சீராகத்தான் இருக்கும், கோள்தான் இருக்காது. ஆகவே கடப்பு நேரப் பதிவுகளை விலக்கிவைத்துப் பொருத்துவார்கள். அல்லது, இதுவே மேலானது என்பேன், கடப்பையும் இரைச்சலையும் ஒரே கணக்கில் சேர்த்துத் தீர்ப்பார்கள். அத்துடன், ஆழம் தெரிந்த போலிக் கடப்புகளை மூலப் பதிவில் புகுத்தி, திருத்திய பின்னும் அதே ஆழம் கிடைக்கிறதா என்று சோதிப்பார்கள். டிராப்பிஸ்ட்-1 விண்மீனின் ஏழாவது கோள் ஏறக்குறைய 18.77 நாளுக்கு ஒருமுறை சுற்றிவருகிறது என்பது 2017-இல் உறுதியானது, இவ்வாறு திருத்தப்பட்ட கே2 பதிவுகளிலிருந்துதான்.