வேட்டையில் கிடைத்த மானின் மண்டையோட்டை வீட்டிலேயே சுத்தம் செய்து சுவரில் மாட்டுவது எப்படி?

உரிமம் பெற்று வேட்டையாடிய மானின் தலையை நன்றாகக் கொதிக்கவைத்து, பிறகு பிளீச்சில் ஊறவைத்தால் போதுமா என்றும், அதைச் சுவரில் எப்படிப் பத்திரமாக மாட்டுவது என்றும் கேட்டிருக்கிறீர்கள். கொதிக்கவைப்பது, பிளீச்சில் போடுவது இரண்டையுமே செய்யாதீர்கள் என்பதுதான் என் முதல் பதில். வீடுகளில் பாழாய்ப்போனதாக நான் பார்த்த மண்டையோடுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டில் ஒன்றால்தான் பாழாகியிருந்தன.

காரணம் எலும்பின் அமைப்பிலேயே இருக்கிறது. எலும்பின் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கனிமம். மீதியில் பெரும்பகுதி கொலாஜன் என்னும் புரதம். அந்தப் புரதம்தான் கனிமத்தைப் பிடித்துவைத்திருக்கிறது. தளதளவென்று நெடுநேரம் கொதித்தால் கொலாஜன் ஜெலட்டினாகக் கரைந்து நீரில் போய்விடும். மண்டையோட்டின் தையல் மூட்டுகள் விரியும், மூக்கெலும்புகள் கழன்று வரும், உருகிய கொழுப்பு எலும்பின் உள்ளே ஆழமாக இறங்கிவிடும். குளோரின் பிளீச் செய்வது இதைவிட மோசமானது. அது கொலாஜனை நேரடியாகச் சிதைக்கிறது. கழுவிய பின்னும் எலும்பின் நுண்துளைகளில் தங்கி வேலையைத் தொடர்கிறது. பிளீச்சில் ஊறவைத்த ஒரு மண்டையோட்டை ஒருமுறை நண்பர் ஒருவர் என்னிடம் கொண்டுவந்தார். கண்குழியின் விளிம்பில் விரலை வைத்துத் தேய்த்ததும் சுண்ணாம்புத் தூள்போல உதிர்ந்தது. அந்த நிலைக்கு வந்துவிட்ட எலும்பைப் பசையால் இறுக்கி வைக்கலாமே தவிர, பழைய உறுதியை மீட்க முடியாது.

ஆகவே முறையாகத் தொடங்குவோம். தலையை எவ்வளவு சீக்கிரம் கையில் எடுக்கிறீர்களோ அவ்வளவு நல்லது. உடனே முடியாவிட்டால் பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி உறையவைத்துவிடுங்கள். தோலை உரித்து, கண்களையும் நாக்கையும் நீக்கி, கீழ்த்தாடையைக் கழற்றித் தனியே வையுங்கள். பெரிய சதைகளைக் கத்தியால் எடுக்கலாம். ஆனால் கத்தி நுனி எலும்பில் கீறினால் அந்தக் கோடு கடைசிவரை தெரியும் என்பதால், எலும்பை ஒட்டிய சதையை நீருக்கே விட்டுவிடுவது நல்லது. மூளையை, தண்டுவடம் நுழையும் பின்புறத் துளை வழியாக, நுனி வளைத்த கம்பியால் கலக்கி, குழாய் நீரைப் பாய்ச்சி வெளியேற்ற வேண்டும். கையுறையும் கண்ணாடியும் இந்தக் கட்டத்தில் கட்டாயம். மான் இனங்களைத் தாக்கும் நாட்பட்ட நலிவு நோய், பிரியான் என்னும் புரதத்தால் வருவது. சமைக்கும் வெப்பத்தில் அது அழியாது. அந்த நோய் காணப்படும் பகுதிகளில் முழுத் தலையை வேறிடத்துக்குக் கொண்டுசெல்லவே தடை இருக்கலாம் என்பதால், புறப்படும் முன் விதிகளைக் கேட்டறிந்து, வேட்டை அனுமதிச் சீட்டையும் மண்டையோட்டுடன் சேர்த்தே பாதுகாத்து வையுங்கள்.

சதையை நீக்க வீட்டில் நடைமுறைக்கு ஏற்ற வழிகள் இரண்டு. இயற்கை வரலாற்று அருங்காட்சியகங்கள், உலர்ந்த சதையைத் தின்னும் டெர்மெஸ்டிட் வண்டுகளை வளர்த்து எலும்பைச் சுத்தம் செய்கின்றன. அவற்றின் வேலை அற்புதமானது என்றாலும், தப்பித்தால் கம்பளி, தோல், உலர்ந்த உணவு எல்லாவற்றையும் அரிக்கும் என்பதால் குடியிருக்கும் வீட்டுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். முதல் வழி, வெதுவெதுப்பான நீரில் அழுகவிடுவது. மூடியுள்ள வாளியில் வெறும் தண்ணீரை ஊற்றி, மீன் தொட்டிக்கான ஹீட்டரால் முப்பது டிகிரி செல்சியஸை ஒட்டி வைத்திருந்தால், பாக்டீரியாக்களே சதையைத் தின்று தீர்த்துவிடும். இரண்டு மூன்று வாரம் ஆகலாம். நீரை முழுவதும் மாற்றாமல் ஒரு பகுதியை மட்டும் மாற்றினால் பாக்டீரியாக்கள் நிலைத்திருக்கும். எலும்புக்கு இதைவிட மென்மையான வழி கிடையாது. ஆனால் நாற்றம் கடுமையானது. ஒதுக்குப்புறமான இடம் இருப்பவர்கள் இதைத்தான் செய்ய வேண்டும் என்பேன்.

இடம் இல்லாதவர்களுக்கு இரண்டாவது வழி, கொதிநிலைக்குக் கீழே வேகவைப்பது. பாத்திரத்தின் அடியிலிருந்து சிறு குமிழி எப்போதாவது எழ வேண்டும். நீர் புரளக் கூடாது. பாத்திரம் கழுவும் திரவ சோப்பும் கொஞ்சம் சலவைச் சோடாவும் சேர்த்தால் சதை எளிதில் இளகும். கொம்பு நீரில் முங்கக் கூடாது என்பதால், அதன் அடிப்பகுதியை அலுமினியத் தாளால் இறுகச் சுற்றி, பாத்திரத்தின் குறுக்கே ஒரு கட்டையை வைத்து, மண்டையோடு மட்டும் நீரில் இருக்கும்படி கொம்பைக் கட்டையுடன் கட்டிவிடுங்கள். அரை மணிக்கொருமுறை வெளியே எடுத்து, இளகியதை மழுங்கிய கருவியால் சுரண்டி, புது நீரில் மறுபடி வையுங்கள். ஒரே மூச்சில் பல மணிநேரம் வேகவிடுவதைவிட, இப்படிச் சிறுசிறு சுற்றுகளாகச் செய்வது எலும்பைக் காப்பாற்றும். உயரழுத்த நீர்ப்பீச்சி வேகமாகச் சுத்தம் செய்யும்தான். ஆனால் மூக்குக் குழிக்குள் இருக்கும் காகிதம்போல் மெல்லிய சுருள் எலும்புகளை அது ஒரே நொடியில் வெளியே தள்ளிவிடும். அந்தச் சுருள்களோடு இருக்கும் மண்டையோட்டின் அழகே தனி. அவற்றை இழக்க எனக்கு மனம் வராது.

எந்த வழியானாலும், நீரைக் கொட்டும்போது சல்லடை வைத்தே கொட்டுங்கள். கரிய கசடுக்கு நடுவே பற்கள் கிடக்கும். மானின் கீழ்த்தாடை முன்பற்கள் அரிசிபோல் சிறியவையாக இருப்பதால் கவனியாமல் போய்விடும். ஆடு, மாடு, இரலை போன்ற உறைக்கொம்பு விலங்குகளில் இன்னொரு வேலை உண்டு. வெளியே தெரியும் கொம்பு ஓர் உறை. உள்ளே எலும்புத் தண்டு இருக்கிறது, இரண்டுக்கும் இடையே சதை இருக்கிறது. ஊறிய பின் உறையை முறுக்கி இழுத்தால் கழன்றுவிடும். உறையின் உட்புறத்தையும் தண்டையும் நன்றாகக் கழுவி உலர்த்தி, வலம் இடம் மாறாமல் குறித்துவைத்து, எல்லா வேலையும் முடிந்த பின் மீண்டும் பொருத்தி ஒட்டுங்கள். இதைச் செய்யாமல் விட்டால் பல மாதம் கழித்தும் நாற்றம் வரும், பூச்சியும் வரும்.

இனி, பெரும்பாலோர் தாண்டிப்போய்விடும் கட்டம்: கொழுப்பு நீக்கல். சதை போன எலும்பு சுத்தமாகத்தான் தெரியும். ஆனால் எலும்பின் உள்ளே எண்ணெய் இருக்கிறது. வெண்மையாக்கி மாட்டிய சில மாதங்களில் நெற்றியிலும் தாடை மூட்டிலும் தேன் நிறத்தில் திட்டுத்திட்டாகக் கசியும், அதில் தூசி ஒட்டிக் கருக்கும். வெண்மையாக்கியதால் மறைந்த கொழுப்பு மீண்டும் வெளியே வருவதைத்தான் பலர் எலும்பு பழுத்துவிட்டது என்று நினைக்கிறார்கள். இதற்கு, நாற்பது முதல் நாற்பத்தைந்து டிகிரி வரையிலான வெந்நீரில் திரவ சோப்பைத் தாராளமாகக் கலந்து மண்டையோட்டை ஊறவைத்து, நீர் கலங்கும்போதெல்லாம் மாற்றிக்கொண்டே வர வேண்டும். முதலில் நீரின் மேல் மஞ்சள் படலம் மிதக்கும்; பிறகு வெறும் பால்போல் கலங்கும்; ஒரு நாள் மாற்றிய நீர் அடுத்த சில நாட்களும் தெளிவாகவே இருந்தால் வேலை முடிந்தது. மானுக்கு ஓரிரு வாரம் போதலாம். காட்டுப்பன்றிக்கும் கரடிக்கும் மாதக்கணக்கில்கூட ஆகும். நன்றாக உலர்த்திவிட்டு வெளிச்சத்தில் பாருங்கள்: கொழுப்பு இருக்கும் இடம் மட்டும் ஈரம் காயாததுபோல் சற்றே கண்ணாடித் தன்மையுடன் தெரியும். தெரிந்தால் மீண்டும் ஊறவையுங்கள். என் அனுபவத்தில், பொறுமை அத்தனையையும் செலவிட வேண்டிய கட்டம் இது ஒன்றுதான்.

வெண்மையாக்குவதற்கு ஹைட்ரஜன் பெராக்சைடு. மருந்துக் கடையில் கிடைக்கும் மூன்று சதவீதக் கரைசலில் ஓரிரு நாள் ஊறவைத்தால் மானுக்குப் போதும். உலோகப் பாத்திரத்தில் அது சிதைந்துவிடும் என்பதால் பிளாஸ்டிக் பாத்திரத்தையே பயன்படுத்துங்கள். ஆக்சிஜன் வெளிவரும் என்பதால் இறுக மூடக் கூடாது. கொம்பில் பட்டால் அதன் பழுப்பு நிறம் வெளுத்துவிடும். ஆகவே கொம்படியை ஒட்டிய நீருக்கு மேலுள்ள பகுதிக்கு, கரைசலில் நனைத்த பஞ்சை ஒட்டிவைத்து, மேலே பிளாஸ்டிக் தாளைப் போர்த்துங்கள். செறிவு கூடிய பெராக்சைடு தோலைச் சுடும். அதை அனுபவம் உள்ளவர்களுக்கு விட்டுவிடலாம்.

பிறகு நீரில் அலசி, நிழலில் மெதுவாக உலர்த்துங்கள். வெயிலிலோ ஹீட்டர் அருகிலோ வைத்தால் பற்கள் விரியும், பன்றியின் கோரைப்பற்கள் நெடுக்குவாட்டில் வெடிக்கும். உதிர்ந்த பற்களை வெள்ளைப் பசையால் அதனதன் குழியில் ஒட்டுங்கள். அதே பசையைச் சம அளவு நீரில் கலந்து மெல்லிதாகப் பூசினால் எலும்பு இறுகும். பளபளக்கும் வார்னிஷ் பூசி எலும்பைப் பீங்கானாக்கிவிடாதீர்கள். கொம்பின் அளவைச் சாதனைப் பட்டியலில் பதிய அளக்க நினைப்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது: 1887-இல் தொடங்கப்பட்ட அமெரிக்க வேட்டைக்காரர் அமைப்பான பூன் அண்ட் கிராக்கெட் கிளப் போன்றவற்றின் அதிகாரபூர்வ அளவீட்டுக்கு மண்டையோடு 60 நாள் காற்றில் உலர்ந்திருக்க வேண்டும், இரண்டாகப் பிளந்த மண்டையோட்டை ஏற்க மாட்டார்கள்.

மாட்டுவதில் பலரும் எடையை மட்டும் கணக்கிடுகிறார்கள். சிறிய மானின் மண்டையோடு கொம்புடன் இரண்டு மூன்று கிலோதான் இருக்கும். எல்க் என்னும் பெரிய மானின் மண்டையோடு பத்து கிலோவைத் தாண்டக்கூடும். ஆனால் அந்த எடை சுவரிலிருந்து விலகி நிற்பதால், திருகாணியைக் கீழ்நோக்கி மட்டுமல்ல, வெளியேயும் இழுக்கிறது. செங்கல் சுவரில் டிரில் போட்டு, பூச்சைத் தாண்டிச் செங்கல்வரை செல்லும் பிளக்கில் திருகாணியை ஏற்றுங்கள். இரண்டு செங்கலுக்கு இடையிலான கலவையில் துளையிட வேண்டாம். ஜிப்சம் பலகைச் சுவரானால் பின்னாலிருக்கும் சட்டத்தைத் தேடி அதில்தான் ஏற்ற வேண்டும். எலும்பில் துளையிடத் தேவையே இல்லை: மூளையை எடுத்த அதே பின்புறத் துளைக்குள் நுழையும் கொக்கி போதுமானது. மரப்பலகையில் பொருத்துவதானால், பலகையைச் சுவரில் இரண்டு புள்ளிகளில் பிடிக்கச் செய்யுங்கள். அப்போதுதான் பக்கவாட்டில் சாயாது. கொம்பு நுனிகள் நடப்பவர்களின் முகத்துக்கோ குழந்தைகளின் கண்ணுக்கோ எட்டாத உயரத்தில் இருக்க வேண்டும்; படுக்கைக்கு மேலே மாட்டவே கூடாது. நேர் வெயில் கொம்பின் நிறத்தைக் குடித்துவிடும், குளியலறைச் சுவரின் ஈரம் பூஞ்சையைக் கொண்டுவரும்.

மாட்டிய பின் மென்தூரிகையால் தூசி தட்டினால் போதும். உறைக்கொம்பின் அடியில் மெல்லிய தூள் உதிர்ந்திருந்தால் பூச்சி இறங்கியிருக்கிறது என்று பொருள்; உடனே இறக்கி, பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி, மைனஸ் இருபது டிகிரி உறைபெட்டியில் இரண்டு வாரம் வைத்துவிட்டு, பையைப் பிரிக்காமலே அறை வெப்பத்துக்கு வரவிட்ட பிறகு திறந்து துடைத்து மாட்டுங்கள்.